துறையில் நின்ற ஐலெர்ட்டுக்கு

ஒன்பது நாள் நின்றாய் ஐலெர்ட்
வார்டோ துறையின் ஈரப் பலகைமேல்.
இடக்கையில் பெட்டி.
வலக்கையை என்ன செய்வதென்று
எனக்குத் தோன்றவேயில்லை.

தவறான ஊரில் இறங்கிவிட்டாய்,
அதுவரைக்கும்தான் கதை தெரியும்.
கப்பல் இருந்தவரை கவலையில்லை.
முதல் நாள் இரண்டாயிரத்து நூறு சொற்கள்,
மேல்தளக் கைப்பிடிக் கம்பிக்கு மட்டும் எண்பது.
பிறகு கப்பல் போய்விட்டது,
நீயும் நானும் மிச்சம்.

நவம்பருக்கு முப்பது நாள், நாவலுக்கு ஐம்பதாயிரம் சொல்,
நாளொன்றுக்கு ஆயிரத்து அறுநூற்று அறுபத்தேழு.
இந்த வகுத்தலைப் போட்டவர்
மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரில்லை.
எனக்கு ஆறு மணிக்குத் தராசு.
பெட்டிக்கு இருபது கிலோ காட் மீன், பனிக்கட்டி நீக்கி;
கூடினாலும் குறைந்தாலும்
சிவப்பு விளக்கு எரியும்.
சொல்லுக்கு அப்படி விளக்கில்லை.
அதனால்தான் நாலாம் நாள்
உன் பெட்டியைத் திறந்து பட்டியல் போட்டேன்:
சட்டை, சவரக்கத்தி,
மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறை, ஜோடிக்கொரு நிறம்,
காலுறைக்குள் சுருட்டிவைத்த இன்னொரு காலுறை.
வெட்கமாயிருந்தது.
ஆனாலும் அழிக்கவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்களாயிற்றே.

பக்கத்து மேசை குன்வோர்
கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னாள்,
இருபதாயிரம் தாண்டிவிட்டாளாம்.
அவள் நாவலில் வாரத்துக்கு இரண்டு பேர் சாகிறார்கள்.
"உன் ஆளைக் கடலில் தள்ளிவிடேன்,
நனையவாவது செய்வான்."
சிரித்தேன்.
சிரித்து முடித்தபின்
கொஞ்ச நேரம் யோசிக்கவும் செய்தேன்,
மன்னித்துக்கொள்.

பத்தாம் நாள் எழுதவில்லை, காய்ச்சல்.
பதினொன்று, குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது.
பன்னிரண்டாம் நாளுக்குக் காரணமே இல்லை.
கணினியைத் திறந்தேன்,
நின்றுகொண்டிருந்தாய்,
மூடினேன்.
அதன் பிறகு பத்து நாள்
எழுதாத சொற்கள் வட்டியோடு வளர்ந்தன.
இருபத்திரண்டாம் தேதி கணக்குப் பார்த்தபோது
நாளொன்றுக்கு நாலாயிரத்துக்கு மேல்.
கடன்காரனைக் கண்டவள்போல்
சமையலறை மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் சூரியன்
கடலோரம் ஒரு விரற்கடை வந்ததாகச் சொன்னார்கள்.
மேகத்துக்குப் பின்னால் வந்து
மேகத்துக்குப் பின்னாலேயே போனது.
இனி ஜனவரியில்தான்.
இடைவேளைக் காபிக்கு வெளியே வந்தபோது
லிதுவேனியாக்காரன் ரிமான்டஸ்
குளிர்சாதன அறையின் இரும்புத் தாழ்ப்பாள் முன் நின்று
கையுறையைப் பல்லால் உருவி
உள்ளங்கைக்குள் ஊதினான்,
ஒருமுறை, இன்னொருமுறை.
பிறகுதான் தாழைத் தொட்டான்.

எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதினேன்.
பேனா மை உறைந்து இரண்டுதரம் நின்றது.
ஐலெர்ட் வலக்கையை வாயருகே கொண்டுபோய் ஊதினான்.
முதல் மூச்சு போதவில்லை. இன்னொருமுறை ஊதினான்.
அன்றைக்கு அவ்வளவுதான்,
பன்னிரண்டு சொல்லோ பதிமூன்றோ.
எண்ணிப் பார்க்கவில்லை
என்பது வீடு வந்தபிறகுதான் உறைத்தது.

மறுநாள் மூன்று அடி நடந்தாய்.
அதற்கு மறுநாள்,
மீன்வலைக் குவியலில் தடுக்கி
என்னிடம் கேளாமலே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாய்.

முப்பதாம் தேதி குன்வோர் கேக் கொண்டுவந்தாள்,
மேலே க்ரீமில் ஐம்பதாயிரம்,
கடைசிப் பூஜ்யம் ஓரத்தில் வழிந்திருந்தது.
என்னுடையது பதினோராயிரத்து இருநூற்று நான்கு.
இரண்டு துண்டு சாப்பிட்டேன்.
அந்தப் பூஜ்யத்தை எனக்கென்று வெட்டித் தந்தாள்.

இன்று டிசம்பர் ஒன்று.
யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை.
ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது,
மாற்ற மறந்துவிட்டேன், வேறொன்றுமில்லை.
எழுந்தது எழுந்தாயிற்று என்று
விளக்கைப் போட்டேன்.

துறைக்கு மேலே வெளிச்சம் தெரியும் ஒரே வீட்டு வாசலில்
ஊதிச் சூடாக்கிய அந்தக் கையை
உயர்த்திக்கொண்டு நிற்கிறாய்.
கதவைத் திறக்கப்போவது யார்,
எனக்கும் தெரியாது.
காபி கொதிக்கிறது.
தராசுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது,
தட்டு.