வாயில்லா என்ற சொல்

வண்ணார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை எனக்கு.
விருது விழாவுக்குப் பாராட்டுப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தேன்:
"வாயில்லா ஜீவன்களின் காவலர்
செல்வி ஆவுடைத்தங்கம்."

பிழை பார்க்க வந்தவள்
படியேறாமல் நின்றாள். கையில் டெட்டால் வாடை.
"வாயில்லன்னு யாருவே சொன்னா?
விடிய விடிய கத்துதுவோ.
அந்தச் சொல்ல எடுத்துரும்."

எடுத்தேன்.

மீட்டவை எத்தனை என்று ஒரு கட்டம்.
எண் தெரியாது அவளுக்கு, வீடுதான் தெரியும்.
பேட்டை டயர்க்கடையில் மூணுகால் கருப்பன்.
மேலப்பாளையத்து நூர்ஜஹான் டீச்சர் மடியில்
ஒத்தைக்கண் பூனை, இப்போது தடித்துவிட்டதாம்.
தச்சநல்லூருக்குக் கொடுத்தது மட்டும்
மூன்றாம் நாளே திரும்பி வந்தது,
ரயில் போனால் குலைக்கிறதென்று.
"ரயிலையா நிப்பாட்ட முடியும்?"

பிறகு, நான் கேட்காமலே:
"போன ஐப்பசி மழையில
கொக்கிரகுளம் பாலத்தடியில ஒரு உரச்சாக்கு.
நாலு நாய்க்குட்டி, ஒண்ணுதான் பிழைச்சுது.
நைலான் கயித்துல ரெட்டை முடிச்சு.
பல்லால அவுத்தேன்."

அப்பா போட்டுவிட்டு வரச் சொன்னார்.
கட்டியது நான்.
தாள்கட்டு கட்டும் அதே கயிறு,
கைக்குப் பழகிய அதே முடிச்சு.
மேசைமேல் ஏழெட்டுக் கட்டு கிடந்தது.
அவள் பார்த்தாளா, தெரியவில்லை.

"அதுக்கு மட்டும் இன்னும் வீடு அமையல" என்றாள்.
"கயித்தக் கண்டா கட்டிலுக்கு அடியில போயிரும்."

இயந்திரம் சூடாக நேரம் எடுத்தது.
எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டேன்,
ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.