ஆடாத கோடு

குல் ஜமான் வந்து நின்றபோது
சல்மாபாத் சந்தில் ஒரு பூனைகூட இல்லை.
பகல் பன்னிரண்டரை.
இருந்த நிழலெல்லாம் வண்டிகளுக்கடியில் படுத்திருந்தது.

டாஷ்போர்டில் ஒரு துண்டு கறுப்பு டேப்.
உரித்தேன்.
அடியில் எரிந்துகொண்டிருந்தது மஞ்சள் எஞ்சின் படம்,
யாராவது வரட்டும் என்று இருந்ததுபோல.

"நாலு நாள், உஸ்தாத். ஒவ்வொரு தடவையும் சரியாக நாலு நாள்."
சல்மானியாவுக்கு நர்ஸுகளை ஏற்றி இறக்கும் வண்டி.
பின்சீட்டில் யாரோ விட்டுப்போன நீலக் கிளிப்.
ரொட்டிக்கடைப் பை ஒன்றை என் மேசையில் கொட்டினான்:
கழற்றிப்போட்ட ஆக்ஸிஜன் சென்சார்கள் மூன்று.
உள்ளே இருப்பது நான்காவது.
மூன்று ஒர்க்‌ஷாப், மூன்று ஆட்கள்,
ஒரே எண்ணைப் படித்து ஒரே தீர்ப்பு.

நானும் ஸ்கேனரைச் செருகினேன்.
பி-0131. முதல் சென்சார், வோல்டேஜ் குறைவு.
சென்சாரின் பெயர் இருக்கிறதுதான்.
புகார் கொடுத்தவன் பெயரும்
அதே காகிதத்தில்தானே இருக்கும்?

நாற்பத்தேழு டிகிரி வெயில் அதற்குக் குளிர்.
முன்னூறைத் தாண்டினால்தான் வாய் திறக்கும்.
எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தோம்.
ஷொஹாக் லபன் பாட்டில் மூடியைப் பல்லால் திறந்தான்.

நல்ல சென்சாருக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது.
பூஜ்யம் புள்ளி ஒன்று, ஒன்பது, ஒன்று, ஒன்பது
காற்று கூடிப்போச்சு, பெட்ரோல் கூடிப்போச்சு, இல்லை, காற்றுதான்
என்று திரையில் கோடு ஏறி இறங்கியபடியே இருக்கும்.
ஆடினால் உயிர்.
இது அடிமட்டத்தில் நீட்டிப் படுத்திருந்தது.

(மெற்றில்டா ஒரு வெள்ளிக்கிழமை போனில் கேட்டாள்:
"நல்லாருக்கேன்னு சொல்லுதீங்களே,
அது ஏன் எப்பவும் ஒரே சத்தத்துல இருக்கு?"
சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன்.)

கார்ப் க்ளீனர் டப்பாவை எடுத்து
காற்றுக்குழாயின் மேல் கொஞ்சம் பீய்ச்சினேன்.
கோடு எகிறியது.
பூஜ்யம் புள்ளி எட்டு ஆறு.
செத்தது எகிறாது.

பிறகு தேடல். டார்ச், கண்ணாடி,
முழங்கையில் ஒரு சூடு.
குழாயின் கீழ் மடிப்பில், விரல் போகாத இடத்தில்,
ஒரு நகக்கண் அளவு வெடிப்பு.
ஷொஹாக் ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.
எஞ்சின் ஒருக்களிக்க, வெடிப்பு வாய் பிளந்தது.
காலை எடுத்ததும் ஒன்றும் தெரியாததுபோல மூடிக்கொண்டது.

கணக்கில் எழுதாத காற்று அதன் வழியே உள்ளே போகிறது.
நாலு சென்சாரும் சொன்னது அது ஒன்றைத்தான்,
காற்று அதிகம், காற்று அதிகம் என்று.
சொல்லச் சொல்லக் கழற்றியிருக்கிறார்கள்.

பழைய மூன்றையும் வைஸில் இறுக்கி
கேஸ் நெருப்பில் காட்டினேன். இரண்டு பேசின.
ஒன்று உண்மையிலேயே செத்திருந்தது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழாய் இரண்டு தினார் நானூறு ஃபில்ஸ்.
சென்சார் ஒன்றுக்கு இருபத்தாறு கொடுத்திருக்கிறான்.
மொத்தத்தை நான் கூட்டிச் சொல்லவில்லை,
அவன் உதடு கூட்டிக்கொண்டிருந்தது.
"இந்த மாதம் மர்தானுக்கு..." என்று தொடங்கியவன்
ஷொஹாக்கின் லபனை வாங்கி
கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

கூலி எவ்வளவு என்றான்.
கொடுப்பதைக் கொடு என்று சொல்ல எனக்கு வசதியில்லை.
ஐந்து தினார் வாங்கினேன்.

பத்தாம் நாள் வாட்ஸப்பில் அவன் குரல்,
பின்னால் மலையாளத்தில் யாரோ சிரிக்கிறார்கள்:
"வரவில்லை உஸ்தாத். விளக்கு வரவே இல்லை.
ஆனால் சிக்னலில் நின்றால்
கண் அந்த இடத்துக்குத்தான் போகிறது."

அவன் பேசி முடித்த பிறகும்
ஆறு நொடி ஓடியது அந்தப் பதிவு.
டயர் சத்தம், ஏசி சத்தம்.
சீராக.