உரிமை கோரப்படாதவை

பேருந்தில் விட்டுப்போன பொருள்களுக்கு
இப்போது நான்தான் பொறுப்பு.
யீஷூன் டிப்போவின் பின்னால் சன்னலில்லாத அறை.
குடைகள் மட்டும் அறுபத்திரண்டு.
யாரோ அம்மாவுக்கு வாங்கிய முழங்கால் உறை,
பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பல்செட்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு:
எண், இடம், தேதி, நேரம்.
காரணம் எழுதக் கட்டம் இல்லை.

போன ஆண்டு வரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.
இருக்கையைக் கடைசிப் பல்வரை பின்னுக்குத் தள்ளினாலும்
ஸ்டியரிங் வயிற்றில் உரசும்.
நூற்றுப் பதினெட்டுக் கிலோ.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில்
வயிற்றையே வெட்டிக் கட்டினார்கள்.
வாழைப்பழம் அளவு மிச்சம் என்று
படம் வரைந்து காட்டினார் டாக்டர்.
பொய்யில்லை.
நாற்பத்து மூன்று கிலோ போனது,
சர்க்கரை மாத்திரை போனது,
குறட்டையும் போனது.
அது இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றார்
அருமைநாதன், பாதி விளையாட்டாக.

பிறகு பெயரில்லாதவை வரத் தொடங்கின.

பிற்பகல் மூன்றானால் உள்ளங்கால் எரியும்.
ஒருநாள் செம்பவாங் சாலையில்
சிவப்பு விளக்கு மூன்றாகப் பிரிந்தது.
கைபிரேக்கை இழுத்தேன்.
பின்னால் முப்பத்தொரு பேர்.
"அன்ட்டி, ஓகேவா?" என்றது ஒரு பள்ளிச் சீருடை.
ஓகே என்று சொல்ல வாய் திறந்தது,
நாக்கு வரவில்லை.

ரத்தம் நார்மல். இரும்பு நார்மல்.
மூளைப் படம் நார்மல்.
நெஞ்சில் ஒரு பெட்டியை ஒட்டி
இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்,
அதுவும் நார்மல்.
நரம்பு டாக்டர் வயிற்று டாக்டரிடம் அனுப்ப,
அவர் மனநல டாக்டரிடம் அனுப்பினார்.
நல்ல பெண்.
"உங்கள் மனத்துக்கு ஒன்றுமில்லை" என்று சிரித்தாள்.
அதற்கும் கட்டணம்.

தேக்கா மார்க்கெட் மீன்காரர்
"பாதியாயிட்டீங்களேம்மா, சூப்பர்!" என்கிறார்.
கல்யாண வீட்டில் நாத்தனார்
இடுப்பைக் கிள்ளிப் பார்த்தாள்.
வாழ்த்துபவர்களிடம் வலியைச் சொல்வது
மொய்க் கவரைத் திருப்பிக் கொடுப்பதுபோல.
சொன்ன ஒன்றிரண்டு இடத்திலும்
சும்மா இருந்த சங்கை
நானே ஊதிக் கெடுத்தேன் என்றார்கள்,
வேறு வார்த்தைகளில்.

இரவில் ஒரு நோட்டில் எழுதுகிறேன்,
டிப்போ சீட்டு மாதிரியே.
எண் 214. இடது கை, மூன்று விரல். 3.20.
அரை இட்லி, இருபது நிமிடம் மென்றது.
எண் 215. புளோக் மின்தூக்கிக்குள். வியர்வை.
சீனி போட்ட தே குடித்த பிறகு.
எண் 219. முடி. குளியலறை வடிகாலில்.
ஒரு கைப்பிடி.

போன புதன்கிழமை டாக்டர் குவெக்
அதை முழுக்கப் படித்தார்,
கணினிப் பக்கம் திரும்பாமல்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"மேடம் செண்பகவல்லி,
இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.
ஆனால் இருக்கிறது."

வயிற்றில் பால் வார்த்ததுபோல் என்பார்கள்.
எனக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை,
நெஞ்சு படபடக்கும்.
ஆனாலும் அதுதான்.

என் பழைய வண்டியைக் காக் ரோஸ்னானி ஓட்டுகிறார்.
டிப்போவுக்குள் திரும்பும்போது
எனக்காக விளக்கை இருமுறை அடிப்பார்.
நான் கையைத் தூக்குவேன்,
நூல் சுற்றி இறுக்கிய மோதிரத்தோடு.

நேற்று பல்செட்டுக்கு உரியவர் வந்தார்,
நான்கு மாதம் கழித்து.
சட்டையில் துடைத்து அங்கேயே மாட்டிக்கொண்டு
முழுதாகச் சிரித்தார்.
இத்தனை நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன்.
"கஞ்சி."
நானும்தான் என்றேன்.
அவர் எதுவும் கேட்கவில்லை,
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இன்று மூன்று மணிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்,
தண்ணீர் பாட்டில் பக்கத்தில்,
செருப்பைக் கழற்றி வைத்து.
மூன்றேகால்.
மூன்றரை.
குடைகளை ஒருமுறை எண்ணினேன்.
நோட்டை எடுத்தேன்.

எண் 231. யீஷூன் டிப்போ. நான்கு மணி.
ஒன்றும் நடக்கவில்லை.
காரணம் தெரியவில்லை.