லெக்சிங்டன், ஐந்தாம் வகுப்பு

காலையிலிருந்து வரி.
பென்சில் சீவ ஒரு பொத்தான்,
தண்ணீர் குடிக்க இரண்டு.
வசூலிப்பவன் காலெப். நேற்றுவரை சாது.
பதினொரு மணிக்குள் டப்பா பாதி நிரம்பி
அவன் குரலே மாறிவிட்டது.

மைதிலி ஒரு பொத்தானைக்
கன்னத்தில் அதக்கிக்கொண்டு
கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாள்.
நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைத்த இடத்தையே.

பிறகு மைதானத்தில் போர்.
காணாமல்போன பொருள்கள் பெட்டியிலிருந்து
சிவப்பு மழைக்கோட்டுகள் ஒரு பக்கம்.
சுட எல்லோரும் தயார்;
சாவதற்குத்தான் சீட்டுக் குலுக்க வேண்டியிருந்தது.

மணி அடித்ததும்
செத்தவர்கள் எழுந்து பீட்சாவுக்கு ஓடினார்கள்,
ஹேஸலைத் தவிர.
ஏப்ரல் புல். முதுகு நனைந்திருக்கும்.

"எழுந்திரும்மா, முடிந்துவிட்டது."
கண் திறக்காமல் கேட்டாள்:
"நிஜத்தில் எவ்வளவு நேரம் கிடந்தார்கள்?"

பாடத்திட்டத்தில் அது இல்லை.
காலெப் ஒப்படைத்த டப்பா
என் கையில் கிலுங்கியது.