சான்று

விசாவுக்காகச் சேர்த்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
எங்கள் கலியாணம் பொய்யில்லை என்று
முகம் தெரியாத ஓர் அதிகாரிக்குக் காட்ட.

ஸ்காபரோ, ஞாயிறு, பேஸ்மென்ட் மேசை.
சிடி கீறல் விழுவதற்குள்
புது ட்ரைவுக்கு மாற்றிவிடலாமென்று உட்கார்ந்தேன்.
திறந்தால் தமிழில்லை.
பாமினி எழுத்துருவை இந்தக் கணினிக்குத் தெரியாதாம்.
'நான்' என்பது
மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்.
'நீ' இரண்டே எழுத்து.

எழுத்துருவைத் தேடிப்பிடித்து ஏற்றினேன்.
குலேந்திரன் வந்தார், இருபத்தெட்டு வயதில்,
இரவுவேலை முடிந்து சப்பாத்தும் கழற்றாமல்.
'இங்கை மைனஸ் இருபது. உமக்கு அங்கை வேர்க்குதோ?'
'கரண்ட் போகப்போகுது. பிறகு கதைக்கிறன்.'
அதன்பின் நாற்பது நிமிடம் அவர் மட்டும்:
'இருக்கிறீரோ?'
'இருக்கிறீரோ?'
'இருக்கிறீரோ?'
வக்கீல் இந்தப் பக்கத்துக்குத்தான்
மஞ்சள் மை பூசச் சொன்னார்.

நான் பியர்சனில் இறங்கிய தேதிக்கு முதல்நாளோடு
கோப்பு முடிகிறது.
பிறகு பதினேழு வருடம், ஒரே கூரை.
போன கிழமைச் சண்டைக்குப் பிரதியில்லை.
விடிய அவர் கொண்டுவந்து வைத்த,
சீனி கூடிப்போன தேத்தண்ணிக்கும்.
'பால் வாங்கு', 'லேட்டாகும்':
போனில் இருப்பது அவ்வளவுதான்.
இப்போது யாரும் சான்று கேட்டால்
எதற்கு மஞ்சள் பூசுவேன்?

தொண்ணூற்று நாலு விழுக்காட்டில் நிற்கிறது நகல்.
மேலே கதவு திறந்து குளிர் இறங்குகிறது.
பனி வழித்த சவளைச் சுவரில் சாத்திவிட்டுக்
கேட்கிறார்:
'உப்பு இருக்கோ?'

'இருக்கிறன்' என்றேன்.