கண்கட்டு

உப்புவெளிக் கடற்கரையில்
எங்கள் லீசிங் கம்பனிக்கு ஒரு சனிக்கிழமை போனது.
பயிற்றுநர் கொழும்பிலிருந்து வந்தவர்.
மஞ்சள் விசில், நல்ல குரல்.
"கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டுங்கோ.
முன்னால் நிற்பவரின் தோளைப் பிடியுங்கோ.
நம்பிக்கைதான் நிறுவனம்."

பதினொரு பேர் சிரித்தபடி கட்டினோம்.
அறவிடல் பிரிவு குகநேசன் மட்டும்
துணியை நாலாய் மடித்துச்
சேட்டுப் பைக்குள் வைத்தார்.
"எனக்கு ஒருக்கா கட்டினவை. காணும்."
விசில் ஊதவில்லை.

பிறகு அவரே முன்னால் போனார்.
நான் இரண்டாவது, கை அவர் தோளில்.
"வலைக்கயிறு, காலைத் தூக்குங்கோ."
"நண்டுப் பொந்து, இடப்பக்கம்."
"றிஸ்மியா, செருப்பைக் கழட்டுங்கோ, இனி ஈரம்."
தவணை கட்டாதவரோடு பேசும் அதே குரல்,
அவசரமே இல்லாதது.
தோள் மட்டும் அந்த வெயிலிலும்
நடுங்கிக்கொண்டிருந்தது.
நான் இறுக்கவில்லை. எடுக்கவுமில்லை.

முழங்கால் நனைந்ததும் அவிழ்த்தோம்.
ஒருவரும் விழவில்லை;
மனேஜரின் போன் மட்டும் உப்புக் குடித்திருந்தது.

திங்கட்கிழமை மதிப்பீட்டுத் தாள் வந்தது.
குகநேசன்: அறிவுறுத்தலைப் பின்பற்றல், பத்துக்கு இரண்டு.
தலைமைத்துவம் என்ற கட்டத்துக்குள்
ஒரு சிறு கோடு.

அதைக் கணினியில் ஏற்றவேண்டியவள் நான்.
மூன்று நாளாய்
சிஸ்டம் வேலைசெய்யவில்லை என்று
சொல்லிக்கொண்டிருக்கிறேன்.