பாத்தம்மா

வாத்து அடைகாக்காது.
விடியலில் படுத்த இடத்திலேயே முட்டையை விட்டு
எழுந்து போய்விடும்,
பேருந்தில் குடையை மறந்து இறங்குகிறவர்களைப்போல.
பொறுக்குவது நான்.
நாலரை மணிக்கு, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு.

சத்தியவேட்டுக்கு அப்பால் தை அறுப்பு முடிந்ததும்
மினி லாரியில் மூன்று தட்டாக எண்ணூறு வாத்துகள்.
தாளடியில் உதிர்நெல், நத்தை.
வயல்காரர்களுக்கு வாடகை முட்டையில்,
ஓர் இரவுக்கு ஐம்பது.
சுகுணம்மா மட்டும் முப்பது போதும் என்பாள்.
அதையும் தின்னமாட்டாள்.
தன் மொட்டைக்கழுத்துக் கோழியின் அடியில்
பன்னிரண்டை எடுத்து வைப்பாள்.
இருபத்தெட்டு நாள்.
கோழிக்கணக்கில் ஒரு வாரம் அதிகம்.
அது ஏனென்று கேட்டதில்லை, எழுந்து போனதுமில்லை.

குஞ்சுகள் குட்டையில் இறங்கிய அன்று
கரையில் அந்தக் கோழி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து
நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.
எனக்கு அப்போது ஏழாம் மாதம்.

வைகாசியில், ஊர் திரும்பும் வழியில் வலி.
எந்த மாநிலத்து ஆம்புலன்ஸ் வரவேண்டும் என்று
போனில் பேசி முடிப்பதற்குள்
சுகுணம்மாவின் மாட்டுக்கொட்டகையில்
பவானி பிறந்துவிட்டாள்.

ஐந்து வயதில் பள்ளிக்கூடம்.
இருபது நாளுக்கு ஓர் ஊர் மாறும் கூடாரத்துக்கு
எந்த வாத்தியார் வந்து பேர் கூப்பிடுவார்?
"இக்கட உண்டனீ" என்றாள் சுகுணம்மா,
மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தணிகாசலம் அன்றைக்கு முப்பதுக்குப் பதில்
அறுபது முட்டை எண்ணி வைத்தான்.
அவள் பார்த்த பார்வையில்
முப்பதைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

இப்போது பவானிக்கு ஒன்பது.
அவளைத்தான் அம்மா என்கிறாள்.
நான் பாத்தம்மா.
அங்கே வாத்துக்குப் பேர் பாத்து.
போனில் அவள் தெலுங்கு
தண்ணீர் கண்ட மந்தையாய் ஓடும்,
பின்னாலேயே நான், கழியும் கையுமாக.

இந்த வருஷம் பறவைக் காய்ச்சல்.
செக்போஸ்ட்டில் லாரிச் சக்கரத்துக்கு மருந்தடித்து
எங்கள் காலுக்கும் அடித்து
திரும்பிப் போ என்றார்கள், இரண்டு மொழியில்.
பாதி ஏரி நம் கணக்கு, பாதி அவர்கள் கணக்கு
என்கிற ஓர் ஏரியின் தென்கரையில் வலை கட்டினோம்.
ஒன்றும் சாகவில்லை என்று
தினமும் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார்.

ஒரு ஞாயிறு மாலை
வடகரையில் சுகுணம்மாவின் மஞ்சள் புடவை.
பக்கத்தில், அவள் தோள் உயரத்துக்கு, பவானி.
குரல் எட்டும் தூரம், முகம் எட்டாத தூரம்.
நான் கையைத் தூக்கினேன்.
அவள் என்னைக் கூப்பிடவில்லை.
வாயைச் சுற்றிக் கைகளைக் குவித்து
நான் கூப்பிடுகிற அதே குரலில்,
கடைசி எழுத்தை நான் இழுக்கிற அதே இழுப்பில்:
பா பா பா பாஆ.

எண்ணூறு கழுத்தும் நிமிர்ந்தன.
முதலில் அந்த நொண்டிப் பெட்டை.
பிறகு ஏரி முழுதும் சுருக்கம் விழுந்தது.
"மடக்கு, மடக்கு" என்று கத்துகிறான் தணிகாசலம்.
எழுதுகிறவர் வரும் நேரம்.

கழியைப் போட்டுவிட்டு
கரையோரம் கிழக்கே ஓடினேன், மேற்கே ஓடினேன்,
கொசுவம் அவிழ, என்னவோ கூவிக்கொண்டு.
அக்கரையில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு
குனிந்து குனிந்து சிரிப்பது தெரிந்தது.
மஞ்சள் நிறம்தான்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தன,
ஒன்றும் நடக்காததுபோல் வாலை உதறிக்கொண்டு.
எண்ணினோம். பதினொன்று குறைவு.
தணிகாசலம் இரண்டாம் முறை எண்ணவில்லை.
வந்தவரிடம் எண்ணூறு என்றான்.